எண்ணுக்குப் பெயர் சொல்லும் பொறிக்கு இலக்கணம் சொல்வார் யார்?

காசோலை ஒன்றில் இலக்கத்தால் 5,000 என்றும், எழுத்தால் ஐந்நூறு என்றும் முரண்பட எழுதப்பட்டிருப்பின், எத்தொகையைக் கொள்வது? 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு இதற்கு ஐயத்திற்கிடமின்றி விடை கூறுகின்றது. எழுத்தால் எழுதிய தொகையே தொகை. இலக்கம் தோற்கும்; சொல் வெல்லும். நடைமுறையில் அத்தகைய காசோலையை வைப்பகத்தார் திருப்பியனுப்பிவிடுதலும் உண்டு. எனினும், வழக்கென்று வந்துவிட்டால் சட்டத்தின் முன் நிற்பது சொல்லே.

சட்டம் சொல்லுக்கு இத்துணைப் பெருமை தந்திருக்க, அச்சொல் எம்மொழிச் சொல்லாக இருத்தல் வேண்டும்? காசோலையை அவ்வப் பகுதி மொழியில் எழுதலாமென்பது இந்தியச் சேம வைப்பகம் ஏற்றுக்கொண்ட நெறியாகும். தமிழில் எழுதினால் செல்லும். ஆனால், தமிழில் எழுதுவார் நம்முள் எத்துணைப் பேர்? எழுத விரும்புவாருள்ளும் 93,519 என்பதைத் தாளில் பிழையின்றித் தமிழ்ச் சொல்லாக்கவல்லார் எத்துணைப் பேர்? கை நடுங்குவதாலன்றோ பலர் ஆங்கிலத்திற்கு ஓடுகின்றனர்!

காசோலை மட்டுமன்று. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழிலும் மாணவனின் பிறந்தநாளை இலக்கத்தாலும் எழுத்தாலும் எழுதவேண்டும். நில ஆவணத்தில் விலைத்தொகையை எழுத்தால் எழுதவேண்டும். சம்பளச் சீட்டு, வரிச்சீட்டு, மதிப்பெண் சான்றிதழ், கடன்முறி என்று எங்கெங்கு ஏமாற்றுக்கு இடமுண்டோ, அங்கெல்லாம் இலக்கத்திற்குக் காவலாகச் சொல் நிற்கின்றது. 1 என்பதன் முன்னும் பின்னும் ஒரு கோடிழுத்து ஏமாற்றலாம். 'ஒன்று' என்பதை 'ஒன்பது' ஆக்குதல் அத்துணை எளிதன்று.

இப் பணியை முன்பு எழுத்தரும் ஆசிரியரும் கையால் செய்தனர். இன்று கணிப்பொறி செய்கின்றது. இலக்கத்தை உள்ளிட்டால் சொல் வெளிவரும். இதற்கென எழுதப்பட்ட நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. ஒருவர் எழுதிப் பொதுவில் வைப்பார். பிறர் அதனை எடுத்துத் தத்தம் நிரலுக்குள் பொருத்திக்கொள்வர். அத்தகைய பொதுத்தொகுப்பை நிரலாளர் 'நூலகம்' என்கின்றனர். நாம் நிரலகம் என்போம். தமிழுக்கும் அத்தகையன உள. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியைப் படைத்த முத்து அண்ணாமலையும் அவர்தம் தோழரும் பைத்தான் மொழியில் ஆக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரலகத்தில், எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கும் பகுதியொன்று உண்டு. ஒருங்குறிச் சேர்த்தியம் பேணும் உலக மொழித்தரவுக் களஞ்சியத்திலும் தமிழ் எண்பெயர்க்குரிய விதிகள் உள. ஊதியம் கருதாது தமிழுக்காக இரவு விழித்து இவற்றை எழுதிய இளைஞர்களை முதற்கண் பாராட்டுகின்றேன். தமிழ்ப் புலவரென்று பெயர் சூடிய நாம் செய்யாததை அவர்கள் செய்தனர்.

நான் சொல்லவந்தது வேறு. இப் பணியில் புலவன் எங்கே? எண்பெயர்ப் புணர்ச்சி என்பது தமிழிலக்கணத்தின் நடுப்பகுதி. அதனை எழுதுகின்ற இடத்தில் இலக்கணம் கற்றவன் ஒருவனும் அமர்ந்திருக்கவில்லையெனின், பழி நிரலாளர்மேல் இல்லை, நம்மேல்தான் உளது.

வகுப்பறையில் ஓர் ஆசிரியன் 'முன்னூறு' என்று பிழைபட எழுதினால், அப்பிழை நாற்பது மாணவரோடு நிற்கும். அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியன் திருத்துவான். நிரலகத்தில் ஒரு பிழை புகுந்தால், அதனை எடுத்தாளும் எல்லாப் பொறிகளும், அவை அச்சிடும் எல்லாச் சீட்டுகளும் அப்பிழையைச் சுமக்கும். அச்சில் வந்ததே சரியென்று நம்பும் மக்கள் அதனையே கற்பர். பத்தாண்டு கழிந்தபின் சரியான வடிவைச் சொல்லும் ஆசிரியனைப் பார்த்து, 'பொறி இப்படிச் சொல்லவில்லையே ஐயா' என்று மாணவன் கேட்பான்.

இனி, பொறிக்குச் சொல்லவேண்டிய இலக்கணம் எத்தகைத்து என்று காண்போம்.

இலக்கணம் அறியாத நிரல் சொற்களை வெறுமனே அடுக்கும். 125 என்பதற்கு 'நூறு இருபது ஐந்து' என்று தரும். இது தமிழன்று, மூன்று எண்களின் பட்டியல். தமிழில் நூறு என்பது தனித்து நின்றால் மட்டுமே நூறு. பின்னே எண் தொடர்ந்தால் நூற்று. இருபது இருபத்து ஆகும். ஆயிரம் ஆயிரத்து ஆகும். ஆகவே 125 நூற்றிருபத்தைந்து.

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள ஒன்பது பெயர்களுள் உயிரெழுத்தில் தொடங்குவன ஏழு: ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. மெய்யில் தொடங்குவன மூன்றும் நான்குமே. முன்னுள்ள ஏழும் வரும்போது இருபத்து என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறும்: இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தாறு. பின்னுள்ள இரண்டும் வரும்போது உகரம் கெடாது: இருபத்து மூன்று, இருபத்து நான்கு. விதி இவ்வளவே. நிரலாளர்க்கு இது நான்கு வரி வேலை. ஆயினும், 'இருபத்தி மூன்று', 'இருபத்தி ஐந்து' என்று பேச்சுவழக்கை அப்படியே எழுத்தாக்கும் நிரல்களைக் காண்கின்றோம். இருபத்திரண்டு என்பதில் வரும் இகரம் இரண்டு என்னும் சொல்லுக்குரிய இகரம். அதனைப் பிய்த்தெடுத்து எல்லா எண்ணுக்கும் ஒட்டுவது, அண்டை வீட்டான் சட்டையைத் தெருவார் எல்லார்க்கும் போர்த்துவது போலாகும்.

வல்லெழுத்தில் தொடங்கும் எண்பெயர் பின்னே வரின் வலி மிகும் என்பதையும் நிரல் அறிதல் வேண்டும். நூற்று, இருபத்து, ஆயிரத்து என எல்லாம் வன்றொடர்க் குற்றியலுகரத்தில் முடிவன ஆதலின், நூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூறு, ஆயிரத்துப் பதினெட்டு என்றே வரும். எண்பெயர்களுள் வல்லெழுத்தில் தொடங்குவன பத்தும், பதினொன்று முதலாய அதன் திரிபுகளும், தொண்ணூறும், தொள்ளாயிரமும், கோடியுமே என்பதால், இதுவும் பெரிய சுமையன்று.

பெருஞ்சிக்கல் ஒன்பதில்தான். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்று பதில் முடிந்து வந்த வரிசை, அடுத்துத் தொண்ணூறு என்று நூறில் முடிகின்றது. இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்று நூறில் முடிந்த வரிசை, அடுத்துத் தொள்ளாயிரம் என்று ஆயிரத்தில் முடிகின்றது. ஆகவே எண்பதுக்கு எண்பத்து என்றால் தொண்ணூறுக்குத் தொண்ணூற்று. எண்ணூறுக்கு எண்ணூற்று என்றால் தொள்ளாயிரத்துக்குத் தொள்ளாயிரத்து. பொதுவிதியை மட்டும் நம்பும் நிரல் இங்குத்தான் தடுக்கி விழும்.

தொல்காப்பியர் இதனை எவ்வாறு கையாண்டார் என்பதை நிரலாளர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். எழுத்ததிகாரத்தின் ஈற்றியலாகிய குற்றியலுகரப் புணரியலின் பெரும்பகுதி எண்பெயர்ப் புணர்ச்சியே. அங்கே ஒன்பதும் பஃதும் புணருங்கால் நிகழ்வனவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றார். ஒன்பது என்பதன் ஒகரத்தின் மேல் ஒரு தகரமெய் வந்து ஏறுகின்றது, 'தொ' கிடைத்தது. அடுத்துள்ள ஒற்று ணகரமாகி இரட்டுகின்றது. பஃது என்பதில் பகரமும் ஆய்தமும் கெடுகின்றன. அவ்விடத்தில் ஊகாரம் வந்து நிற்கின்றது. எஞ்சிய தகரம் றகரமாகத் திரிகின்றது. எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள்: தொண்ணூறு! ஒன்பதும் நூறும் புணருமிடத்தும் அவ்வாறே. முதலெழுத்துக்கு முன்போலவே செய்க. ஒற்று இம்முறை ளகரமாகி இரட்டுக. நூறு என்பதில் நகரமெய்யை நீக்கி ஊகாரத்தை ஆகாரமாக்குக. இகரத்தையும் ரகரத்தையும் இடையே கொணர்க. ஈற்றை நீக்கி மகர ஒற்றிடுக. தொள்ளாயிரம்!

இதை நீக்கு, இதைச் சேர், இதை இதுவாக மாற்று என்னும் இம்முறை, இன்று நிரலாளர் எழுதும் முறையன்றிப் பிறிதென்ன? நம்மவருள் சிலர் இவ்விடத்தில் உடனே கிளர்ந்தெழுந்து, கணிப்பொறியையே தொல்காப்பியர் கண்டுபிடித்துவிட்டார் என்று மேடையில் முழங்குவர். அத்தகைய வெற்றுப்பெருமை நமக்கு வேண்டா. அதனால் தமிழ் ஒரு நூலிழையும் உயர்ந்ததில்லை. நான் சொல்வது, எண்பெயர்க்குரிய விதிகள் வரிசையாக, குறைவின்றி, மாறுபாடின்றி எழுதப்பெற்று நம் கையிலேயே உள்ளன என்பதுதான். நன்னூலார் உயிரீற்றுப் புணரியலில் அவற்றை இன்னும் சுருக்கித் தந்துள்ளார். இலக்கணம் இல்லாத மொழிக்காரன் தேடித் திரியவேண்டியதை நாம் ஏடு திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

மொழிஞாயிறு பாவாணர் இதற்கு வேறோர் வரலாறு கூறுவார். ஒன்பதன் பழம்பெயர் தொண்டு. அதற்கேற்பத் தொண்பது என்பது 90ஆகவும், தொண்ணூறு 900ஆகவும், தொள்ளாயிரம் 9,000ஆகவும் இருந்தன. தொண்டு என்னும் பெயர் எண்ணுப்பெயராக வழக்கிழந்தபின், மேலிருந்த ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு படி கீழே இறங்கியது என்பது அவர் கொள்கை. தொண்டு என்பது கற்பனைச் சொல்லன்று. தொல்காப்பியச் செய்யுளியலிலும், கடுவன் இளவெயினனார் பாடிய மூன்றாம் பரிபாடலிலும் ஒன்பது என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. பாவாணர் விளக்கம் மொழிவரலாறு. தொல்காப்பியர் விளக்கம் செய்முறை. இரண்டில் எதை ஏற்பினும் பொறி சொல்லவேண்டிய விடை ஒன்றே. எனக்குப் பாவாணர் கூற்றே உண்மையெனப் படுகின்றது. எழுபது, எண்பது என்று ஒழுங்காக எண்ணிவந்த மாந்தன் தொண்ணூற்றில் மட்டும் காரணமின்றித் தடம்புரண்டான் என்பதை என் அறிவு ஏற்கவில்லை.

அடுத்து எழுத்துப்பிழை. முந்நூறு என்பதை முன்னூறு என்றும், ஐந்நூறு என்பதை ஐனூறு என்றும், பன்னிரண்டு என்பதைப் பனிரெண்டு என்றும், பதின்மூன்று என்பதைப் பதிமூன்று என்றும், தொண்ணூறு என்பதைத் தொன்னூறு என்றும் எழுதுவோர் படித்தவருள்ளும் பலராவர். முன்னூறு என்றால் முன்னே நிற்கும் நூறு என்றும் பொருள்படும், மூன்று நூறாகாது. நானூறு என்னும் வடிவத்தை மட்டும் மக்கள் ஓரளவு பிழையாது எழுதுகின்றனர். அகநானூறும் புறநானூறும் பாடநூலில் இருந்து காத்தன என்று கருதுகின்றேன். நூற்பெயர் எண்பெயரைக் காக்கும் என்பதற்கு இது சான்று. ஆனால், நூற்பெயரே சிக்கலாவதும் உண்டு. முத்தொள்ளாயிரம் என்பது மூவேந்தர்க்கும் தனித்தனித் தொள்ளாயிரமாக 2,700 பாடல்களா, மூவர்க்கும் சேர்த்து 900 பாடல்களா என்று அறிஞர் இன்றும் மாறுபடுகின்றனர். சொல்லை இலக்கமாக்கும் நிரலிடம் இதைக் கொடுத்தால் அது என்ன செய்யுமோ!

ஒன்று என்பதையும் நிரல் கண்ட இடமெல்லாம் ஒன்று என்றே எழுதும். ஒன்று கோடி, ஒன்று ஆயிரம் என்பது குழந்தைப் பேச்சு. மெய்யின் முன் ஒரு, உயிரின் முன் ஓர்: ஒரு கோடி, ஓர் இலக்கம், ஓராயிரம். அவ்வாறே மூன்று ஆயிரம் அன்று, மூவாயிரம். ஐந்து ஆயிரம் அன்று, ஐயாயிரம். எட்டு ஆயிரத்தை முன்னோர் எண்ணாயிரம் என்றனர். விழுப்புரம் மாவட்டத்தில் இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரிக் கல்வெட்டு உள்ள ஊர்க்கு எண்ணாயிரம் என்றே பெயர். இன்று எட்டாயிரம் என்பது வழக்காகிவிட்டது. அதனையும் வழுவென்று தள்ளவேண்டியதில்லை.

இனிச் சுழிக்கு வருவோம். எண்பெயர் நிரல்கள் பலவற்றிலும் 0 என்பதற்குப் பூஜ்யம் அல்லது பூஜ்ஜியம் என்றே எழுதியிருப்பதைக் காண்கின்றோம். ஒன்று முதல் கோடி வரை தமிழாக வந்து, தொடக்கத்திலேயே வடசொல்லும் அயலெழுத்தும் நிற்பது பந்தியின் தலைவாழையில் கல் கிடப்பது போன்றது. அதற்குத் தமிழில் சொல்லில்லையா? பரிபாடலில் முன் சொன்ன அதே பாடலில் ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவற்றை எண்ணுமிடத்தில் பாழ் என்பது இடம்பெறுகின்றது. பழமை கருதிப் பாழ் என்றே வைக்கவேண்டுமென்று அன்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். நான் உடன்படவில்லை. 'தங்கள் கணக்கில் இருப்பு: பாழ்' என்று வைப்பகச் சீட்டு வந்தால் வாங்கியவன் நெஞ்சடைத்து விழுவான்! சொல் உயிரோடிருக்கும் காலத்தின் பொருளையும் நோக்கவேண்டும். சுழி என்பதே பொருந்தும். எழுதத் தொடங்கும் தமிழன் முதலில் இடுவதும் சுழிதானே. சுன்னம் என்பது வடமொழியின் சூனியத்திலிருந்து வந்தது, அது வேண்டா.

நூறாயிரத்திற்கு லட்சம் என்று எழுதுவதும் அத்தகையதே. இலக்கம் என்பது நம் மரபில் உண்டு. ஆனால், இலக்கம் என்பது எண்குறியையும் குறிப்பதால் மயக்கம் தரும் என்பர் சிலர். மயக்கமென்று கருதுவோர் நூறாயிரம் என்றே எழுதலாம். அவ்வாறெனின் 1,25,346 என்பது நூற்றிருபத்தையாயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. இலக்கம் கொள்வோர்க்கு ஓர் இலக்கத்து இருபத்தையாயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு. இரண்டும் தமிழே. ஈழத்திலும் சிங்கையிலும் நாளிதழ்கள் மில்லியன் என்று எழுதுகின்றன. அந்நாட்டுக் கணக்குமுறை அவ்வாறு இருத்தலின், பத்து இலக்கம் என்று எழுதினால் அங்குள்ள தமிழர்க்கு உடனே விளங்காது. ஓப்பன் தமிழ் நிரலகத்தார் இரு முறைக்கும் தனித்தனி வழி வகுத்திருப்பது அறிவுடைமை. கோடி என்பது கடை, முனை என்னும் பொருளுடைய நம் சொல். அதனை வடவர்க்குத் தாரைவார்க்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் ஐ, அம், பல் என முடியும் பேரெண்களையும் சுட்டுகின்றார். உரைகாரர் அவற்றைத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பர்.

கீழெண்கள் பற்றியும் ஒரு சொல். 2.25 என்பதைப் பொறி 'இரண்டு புள்ளி இரண்டு ஐந்து' என்று படிக்கும். நம் பாட்டிமார் இரண்டேகால் என்றனர். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, அதனினும் நுண்ணிதாக 320இல் ஒரு பங்காகிய முந்திரி, அதனை மேலும் 320ஆகப் பகுத்த கீழ்முந்திரி என்று நிலத்தையும் நெல்லையும் சொல்லாலேயே அளந்த இனம் இது. ஒருங்குறியில் இப்பின்னக் குறிகளுக்கு 2019இல் இடம் கிடைத்தது. குறி கிடைத்தும் அதனைப் படிக்கும் வாய் இல்லையெனின் யாது பயன்?

இங்கே நம் இயக்கத்தார் சிலரோடு எனக்குள்ள மாறுபாட்டையும் சொல்லிவிடுகின்றேன். ௧, ௨, ௩ என்னும் தமிழெண்களை மீட்டுவிட்டால் போதும், மற்றவை தாமே வரும் என்பர் அவர். தமிழெண்ணை நானும் எழுதுகின்றேன். என் மாணவர்க்கும் கற்பிக்கின்றேன். 235 என்பதைப் பழைய முறையில் ௨௱௩௰௫ என்று எழுதும்போது, அது இருநூற்று முப்பத்தைந்து என்னும் சொல்லின் எலும்புக்கூடாகவே நிற்பதைக் கண்டு மகிழ்கின்றேன். அம்முறையில் சுழியே தேவைப்படவில்லை. ஒருங்குறியில் தமிழ்ச்சுழிக்கு 2005இல்தான் இடம் தந்தனர். ஆனால், ௯௫ என்று எழுதிவிட்டு அதனை 'நைன்டி பைவ்' என்று வாயால் படிப்பவனால் தமிழுக்கு என்ன ஆக்கம்? 95 என்று எழுதித் தொண்ணூற்றைந்து என்று படிப்பவனே மேல். குறி உலகப் பொதுவாகலாம், சொல் பொதுவாகாது. முதலில் சொல்லைக் காப்போம்.

சொல் சாகின்றது என்பது மிகையுரையன்று. எங்கள் நெய்வேலி நகரியத்தில் வீட்டு முகவரி என்பது எண்ணேயாகும். வட்ட எண் சொன்னால் ஊரார்க்கு இடம் விளங்கும். நடுவணரசு நிறுவனம் 1956இல் பதிவாகிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் எழுந்த காலத்தில், சுற்றுச் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர் பதினெட்டாம் வட்டம், இருபத்து நான்காம் வட்டம் என்றே சொன்னதாக மூத்தோர் கூறுவர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், 'எய்ட்டீன்' என்பர். பத்தாம் வகுப்பு மாணவனிடம் எழுபத்தொன்பது எழுது என்றால், 79ஆ 89ஆ என்று விழிக்கின்றான். இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆற்றல் 1,470 மெகாவாட் என்று பொது அறிவுக்காக மனப்பாடம் செய்திருப்பான். ஆயிரத்து நானூற்றெழுபது என்று சொல்லச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலகத்தில் ஏற்றியது. எண்ணை வாயில் ஏற்றவில்லை.

இந்நிலையில் பொறி நமக்குப் பகையாகவும் ஆகலாம், துணையாகவும் ஆகலாம். எழுத்தைக் குரலாக்கிப் பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் பொறிகள் வந்துவிட்டன. அவை இலக்கத்தை ஒலிக்குமுன் அதனைச் சொல்லாக்கிக் கொள்ளவேண்டும். அங்கே நிரல் சரியாக இருந்தால், நாள்தோறும் பல்லாயிரம் செவிகளில் தொண்ணூற்றைந்தும் எழுபத்தொன்பதும் விழும். ஆசிரியன் நாற்பது ஆண்டு தொண்டை வறளக் கத்தியும் செய்யமாட்டாததை அது செய்யும். ஆண்டைத் தொகையாகவும், தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகவும் படிக்கவேண்டும் என்பதையும் அதற்குக் கற்பித்தல் வேண்டும்.

கற்பிப்பார் யார்? ஓப்பன் தமிழ் போன்ற கட்டற்ற நிரலகங்களின் உள்ளீடு எல்லார்க்கும் திறந்து கிடக்கின்றது. எவரும் படிக்கலாம், பிழை கண்டால் எழுதித் தெரிவிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். நிரல் தெரியாதே என்று புலவர் தயங்கவேண்டா. அங்குள்ள சொற்பட்டியல் தமிழிலேயே உள்ளது. அதனைப் படிக்க நிரலறிவு தேவையில்லை. நிரலறிந்த மாணவன் ஒருவனை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு மாலைப்பொழுது செலவிட்டால் போதும். எண்பெயர் நிரலொன்று கண்ணில் பட்டால், கீழ்வரும் எண்களை அதற்குள் இட்டுப் பாருங்கள். எளிய எண்களில் எந்நிரலும் தேறிவிடும். இவற்றில்தான் சாயம் வெளுக்கும்.

19 இட்டால் பத்தொன்பது வரவேண்டும், பதினொன்பது அன்று. 23க்கு இருபத்து மூன்று. 99க்குத் தொண்ணூற்றொன்பது. 110க்கு நூற்றுப் பத்து, பகர ஒற்றோடு. 300க்கு முந்நூறு, தந்நகரத்தோடு. 505க்கு ஐந்நூற்றைந்து. 900க்குத் தொள்ளாயிரம், ஒன்பது நூறு என்று வந்தால் அந்நிரலை அங்கேயே நிறுத்துங்கள். 909க்குத் தொள்ளாயிரத்தொன்பது. 1,999க்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. 3,000க்கு மூவாயிரம். 1,00,00,000க்கு ஒரு கோடி. தொடக்கத்தில் கேட்ட 93,519க்குத் தொண்ணூற்று மூவாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது. இறுதியாக 0 இட்டுப் பாருங்கள். சுழி என்று வராவிடின், அதனை எழுதியவர்க்கு அன்போடு ஒரு மடல் விடுங்கள்.